முதல் வரி எந்த மொழியில்? லாசாவின் இருமொழி மாலைப் பத்திரிகை குறித்து

1. கேள்வி

1985 ஜூலை 1 அன்று லாசா நகரில் ஒரு மாலைப் பத்திரிகை தொடங்கப்பட்டது. சீன மொழியில் அதன் பெயர் ‘லாசா வான்பாவ்’. தமிழில் லாசா மாலைச் செய்தி எனலாம். அதை நடத்தியது சீனப் பொதுவுடைமைக் கட்சியின் லாசா நகரக் குழு. சீனம், திபெத்தியம் ஆகிய இரு மொழிகளில் அது வெளிவந்தது. ஜூலை 1 கட்சி நிறுவப்பட்ட நாளாகக் கொண்டாடப்படுவது. நகரத்துக்கென ஒரு பத்திரிகை தொடங்கும்போது இந்த நாளைத் தேர்ந்தார்கள் என்பதிலிருந்தே, அது யாருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டிருந்தது என்று தெரிந்துவிடுகிறது.

இத்தகைய இருமொழி ஏடுகளைப் பற்றி இரண்டு விளக்கங்கள் வழக்கில் உள்ளன. முதலாவது சீன அரசினுடையது. 1982இன் அரசியலமைப்பும் 1984இன் தேசிய இனப் பகுதிகளுக்கான தன்னாட்சிச் சட்டமும் எல்லா இனங்களுக்கும் தத்தம் மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் உரிமை தருகின்றன. திபெத்தியத்தில் அச்சாகும் பத்திரிகைகள் அந்த உரிமைக்குச் சான்று என்பது அவர்கள் வாதம். இரண்டாவது, புலம்பெயர்ந்த திபெத்தியர்களும் வெளிநாட்டு விமர்சகர்களும் முன்வைப்பது. எழுத்து மட்டும்தான் திபெத்தியம், பேச்சு கட்சியுடையது என்பது அதன் சாரம்.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அரசின் நோக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பத்திரிகை அன்றாட உழைப்பால் உருவாவது. ஒருவர் செய்தி சேகரிக்கிறார், ஒருவர் எழுதுகிறார், ஒருவர் மொழிபெயர்க்கிறார், ஒருவர் எழுத்துக் கோக்கிறார், ஒருவர் காசு கொடுத்தோ கொடுக்காமலோ வாங்குகிறார். இந்தச் சங்கிலியைப் பார்க்காமல் இருமொழி என்ற சொல்லை மட்டும் எடைபோட முடியாது. லாசாவைப் பற்றிய ஒரு செய்தியின் முதல் வரி எந்த மொழியில் எழுதப்பட்டது? எதை எழுதலாம் என்று தேர்ந்தது யார்? இந்தக் கட்டுரை இவ்விரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்கிறது.

2. பத்திரிகைக்கு முன் லாசாவின் செய்தி

செய்தி என்ற ஒன்றே தெரியாத நகரமாக லாசாவைக் கற்பனை செய்வது தவறு. ஜோகாங் கோயிலைச் சுற்றிவரும் பார்கோர் வீதி யாத்திரைப் பாதையாகவும் கடைத்தெருவாகவும் ஊர்ச்செய்தி பரவும் இடமாகவும் ஒருசேர இருந்தது. அங்கே அரசியல் நிகழ்ச்சிகளைக் கிண்டலும் கசப்புமாகச் சொல்லும் தெருப்பாடல்கள் பிறந்தன. பாடலை இயற்றியவர் பெயர் யாருக்கும் தெரியாது. தண்ணீர் சுமக்கும் பெண்களின் வாயில் ஏறிவிட்டால் ஓரிரு நாளில் நகரம் முழுக்கப் பரவிவிடும். அமெரிக்க மானிடவியலாளர் மெல்வின் கோல்ட்ஸ்டைன் 1982இல் இப்பாடல்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பிரபுக்களின் வீழ்ச்சி, ஆட்சிப் பொறுப்பாளர்களின் பேராசை என மேலிடத்தில் நடந்தது எதுவும் அவற்றுக்குத் தப்பவில்லை. 1950களில் இந்த மரபோடு சுவரொட்டிகளும் சேர்ந்துகொண்டன.

தெருப்பாடலில் லாசாவின் செய்தி லாசாவின் பேச்சுமொழியில் பிறந்தது. எதைப் பாடுவது என்று தீர்மானித்ததும் தெருதான். நகரப் பத்திரிகை என்பதன் இலக்கணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை, அது பார்கோரிலேயே இருந்தது என்பேன். பின்னால் வந்த அச்சுப் பத்திரிகைகள் அனைத்தையும் இந்த அளவுகோலால் அளப்பதே நியாயம்.

அச்சும் திபெத்துக்குப் புதிதல்ல. தெர்கே, நார்தாங், லாசாவின் ஷோல் ஆகிய அச்சகங்களில் மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கி மாபெரும் பௌத்தத் தொகுப்புகளை அச்சிட்டுவந்தனர். ஆனால் அந்தத் தொழில்நுட்பம் நூற்றாண்டுகள் நிலைக்கவேண்டிய நூலுக்கானது. மறுநாள் பழசாகிவிடும் செய்திக்காக யாரும் பலகை செதுக்கமாட்டார்கள்.

3. இரண்டு முன்னோடிகள்

திபெத்திய எழுத்தில் முதல் செய்தித்தாள் லாசாவில் தோன்றவில்லை. மொரேவியத் திருச்சபையைச் சேர்ந்த ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1904இல் லடாக்கின் லே நகரில் கல்லச்சில் வெளியிட்ட சிறிய ஏடே முன்னோடி. லாசாவில் அச்சான முதல் பத்திரிகை, சிங் பேரரசின் கடைசி ஆண்டுகளில், 1907இல் வந்தது. பேரரசின் பிரதிநிதிகளான லியான் யூவும் ஜாங் யின்டாங்கும் அதற்குக் காரணர்கள். சீனத்தில் அதன் பெயர் ‘சீசாங் பைஹுவா பாவ்’, அதாவது திபெத் பேச்சுவழக்குப் பத்திரிகை. சீனமும் திபெத்தியமும் சேர்ந்தே அதில் இருந்தன. சில நூறு படிகள் அச்சாயின. பேரரசு வீழ்ந்தபோது ஏடும் மறைந்தது.

லாசாவின் இருமொழிப் பத்திரிகை மரபு தொடங்குவது இங்கேதான். 1904இல் யங்ஹஸ்பண்டின் பிரிட்டிஷ் படை லாசாவுக்குள் நுழைந்துவிட்டுப் போயிருந்தது. தன் எல்லை கைநழுவுகிறதோ என்ற அச்சத்தில் பெய்ஜிங் மேற்கொண்ட சீர்திருத்தங்களில் ஒன்றாகவே இந்தப் பத்திரிகை வந்தது. அறிவு புகட்டுவதும் பேரரசின் மீது பற்றை வளர்ப்பதும் அதன் இலக்குகள். செய்தி அதிகாரியின் மேசையில் சீனத்தில் பிறந்தது. திபெத்தியம் அதைச் சுமந்து சென்றது. திபெத்தியத்தை அப்படியே ஒதுக்கிவைக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அந்த மக்களோடு அவர்கள் மொழியில்தான் பேசியாக வேண்டும் என்பதை அந்த அதிகாரிகள் புரிந்துகொண்டிருந்தனர்.

இதற்கு நேரெதிரான முயற்சி இந்திய மண்ணிலிருந்து வந்தது. கின்னோரின் பூ என்ற சிற்றூரில் 1890இல் பிறந்த தர்ச்சின் பாபு, கலிம்போங்கில் குடியேறி, 1925 அக்டோபரில் ‘மெலோங்’ இதழைத் தொடங்கினார். மெலோங் என்றால் கண்ணாடி. முதல் இதழ் ஐம்பது படிகள். பெரும்பாலானவை லாசாவுக்கே சென்றன. பதின்மூன்றாம் தலாய் லாமா அதன் வாசகரானதோடு ஊக்கமளித்துக் கடிதமும் எழுதினார். 1963 வரை, இடைவெளிகளோடு, அந்த இதழ் வந்தது.

மெலோங்கிலும் மொழிபெயர்ப்பு நிறையவே இருந்தது என்பதை இங்கே நினைவில்கொள்ள வேண்டும். உலகச் செய்திகளை ஆங்கில, இந்திப் பத்திரிகைகளிலிருந்துதான் தர்ச்சின் எடுத்தார். ஆகவே மொழிபெயர்ப்பு இருந்தாலே பத்திரிகை போலி என்ற முடிவுக்கு வரமுடியாது. எந்தச் செய்தியை எடுப்பது, எதை விடுவது, எந்தத் தொனியில் சொல்வது என்ற தேர்வு திபெத்திய வாசகனை மனத்தில் வைத்த ஒருவரிடம் இருந்தது. அந்தத் தேர்வுச் சுதந்திரம் இருந்ததால்தான், உலகம் உருண்டை என்று விளக்கிய கெண்டுன் சோபேலின் கட்டுரை 1938இல் அதில் இடம்பெற முடிந்தது. மரபான துறவி உலகம் ஏற்க மறுத்த ஒரு கருத்தை ஒரு திபெத்திய அறிஞரே திபெத்தியத்தில் எழுதினார்.

மொழி வரிசையும் தேர்வுரிமையும் பிரிக்க முடியாதவை என்று நான் சொல்வதற்கு இவ்விரு முன்னோடிகளே ஆதாரம். முதல் வரி வேற்றுமொழியில் இருந்தாலும் தேர்வு வாசகன் பக்கத்தில் இருந்தால் பத்திரிகை உயிர்பெறும். இரண்டும் வெளியே போய்விட்டால் எழுத்து மட்டுமே எஞ்சும்.

4. மொழிபெயர்ப்பு ஒரு துறையாகிறது

1956 ஏப்ரல் 22 அன்று லாசாவில் திபெத் தன்னாட்சிப் பகுதிக்கான ஆயத்தக் குழு அமைக்கப்பட்டது. அதே நாளில் ‘திபெத் நாளிதழ்’ சீன, திபெத்தியப் பதிப்புகளோடு தொடங்கியது. ஒரு நிர்வாக அமைப்பும் அதன் குரலும் ஒரே நாளில் பிறந்தன. 1907இல் சில அதிகாரிகளின் முயற்சியாக இருந்தது இப்போது ஒரு நிலைத்த துறையாக மாறியது. சம்பளம் பெறும் மொழிபெயர்ப்பாளர்கள், ஒப்புதல் பெற்ற கலைச்சொற்கள், அரசுச் செய்தி நிறுவனமான ஷின்ஹுவாவிடமிருந்து வரும் செய்திகள் என அதற்கொரு கட்டமைப்பு உருவானது. தலைவர்கள் பற்றிய செய்தியும் கொள்கை அறிவிப்பும் சொல்லுக்குச் சொல் மாறாமல் போகவேண்டும் என்பது சீனக் கட்சிப் பத்திரிகைகளின் நியதி. அந்த நியதி திபெத்திய வாக்கியத்தையும் சீன வாக்கியத்தின் போக்கிலேயே வளைத்தது. சிறுபான்மை மொழி ஏடுகள் வெறும் ‘மொழிபெயர்ப்புப் பத்திரிகைகளாக’ நின்றுவிடுகின்றன என்ற கவலையைச் சீன இதழியல் ஆய்வாளர்களே பேசியிருக்கிறார்கள்.

அச்சுத் தொழிலின் சிக்கல்களும் இதில் சேர்ந்தன. திபெத்திய எழுத்து, தமிழைப் போலவே, பிராமியின் வழிவந்தது. முப்பது மெய்கள், நான்கு உயிர்க்குறிகள். ஆனால் மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் தனி அச்செழுத்து வார்க்க வேண்டும். வரிகளின் உயரமும் கூடும். கச்சிதமான சீனக் கட்டுரை ஒன்றைத் திபெத்தியத்தில் அச்சிட்டால் கணிசமாகக் கூடுதல் இடம் பிடிக்கும். பக்க அளவு மாறாதபோது ஏதாவது ஒன்றை வெட்டியாக வேண்டும். மொழிபெயர்க்க நேரம், கோக்க நேரம், சரிபார்க்க நேரம் எல்லாம் சேரும்போது திபெத்தியப் பதிப்பு பிந்துவதும் இயல்பு. கணினியில் இந்த எழுத்துக்கு உறுதியான இடம் 1996இல் வெளிவந்த யூனிகோட் 2.0இல்தான் கிடைத்தது. இந்தத் தாமதத்தைத் தொழில்நுட்பக் குறையாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. பின்னால் வரும் பதிப்பு ஏற்கெனவே முடிவான ஒன்றின் நகலாகவே வாசகன் கைக்கு வரும். செய்தியைத் தேடிப் போகும் நிருபரை அது உருவாக்குவதில்லை.

5. 1985: மாலைப் பத்திரிகை என்ற வடிவம்

லாசா மாலைச் செய்தி பிறந்த தருணத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. சீனத்தில் மாலைப் பத்திரிகைக்குத் தனி மரபு இருந்தது. காலைப் பத்திரிகை அலுவலகத்துக்கு, மாலைப் பத்திரிகை வீட்டுக்கு என்பார்கள். சந்தை விலை, திரைப்படம், உடல்நலம், அக்கம்பக்கச் சண்டை, காணாமற்போன பொருள், குட்டிக் கட்டுரை ஆகியவற்றால் ஆனது அது. அந்த இலகுவான தொனிக்குள் அரசியல் விமர்சனமும் நுழைய முடிந்தது. 1961-62இல் பெய்ஜிங் மாலைப் பத்திரிகையில் இதழாளர் டெங் துவோ எழுதிய பத்தி அத்தகையது. 1966இல் கலாசாரப் புரட்சி அவரைக் குறிவைத்தது, அதே ஆண்டு அவர் உயிரும் போயிற்று. மாலைப் பத்திரிகைகள் மூடப்பட்டன. 1980இல் பெய்ஜிங், குவாங்ஜோ நகரங்களின் ஏடுகளும் 1982இல் ஷாங்ஹாயின் ஏடும் உயிர்த்தெழுந்தன. நகரம்தோறும் புதிய மாலை ஏடுகள் முளைத்த அந்த அலையின் ஒரு துளி லாசாவிலும் விழுந்தது.

திபெத்திலும் அது சற்றே திறந்த காலம். 1980 மே மாதம் கட்சியின் மேல்மட்டத் தலைவர் ஹு யாவ்பாங் லாசாவுக்கு வந்து, அங்கு நடந்த நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தார். சீன அலுவலர்கள் பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1985 ஜூனில் யீ இனத்தைச் சேர்ந்த வூ ஜிங்ஹுவா கட்சிச் செயலாளராக வந்தார். அடுத்த ஆண்டு மோன்லாம் பெருவழிபாடு மீண்டும் நடந்தது. 1987 ஜூலையில், திபெத்திய பௌத்தத்தின் உயர்நிலை லாமாவான பஞ்சன் லாமாவும் மூத்த திபெத்திய அரசியல்வாதி ஙாபோ ஙவாங் ஜிக்மேயும் முன்னின்று வற்புறுத்தியதால், திபெத்திய மொழியை முதன்மையாகக் கொண்டு இரு மொழிகளையும் பயன்படுத்த வேண்டும் என்ற விதிகளைத் திபெத் தன்னாட்சிப் பகுதியின் மக்கள் பேரவை நிறைவேற்றியது.

ஆக, 1985க்கும் 1987க்கும் இடையில் ஒரு வாய்ப்பு இருந்தது. மாலைப் பத்திரிகைக்குரிய வீட்டுத்தன்மையோடு திபெத்திய முதன்மையும் சேர்ந்திருந்தால், பார்கோரின் வாய்மொழிச் செய்திக்கு அச்சில் ஓர் இடம் கிடைத்திருக்கும். அந்த வாய்ப்பை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஏனென்றால் அதே ஆண்டுகளில் திபெத்திய மொழி வேறிடத்தில் என்ன செய்து காட்டியது என்பது நமக்குத் தெரியும். 1981இல் ஷினிங்கில் தொடங்கிய ‘டாங்சார்’ இதழில் 1983இல் தொண்டுப் கியால் எழுதிய ‘இளமையின் அருவி’ திபெத்தியப் புதுக்கவிதையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. நவீன வாழ்வைத் திபெத்தியத்தில் நேரடியாகவே எழுத முடியும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை. ஆனால் அது தலைநகரிலிருந்து வராமல் வடகிழக்குத் திபெத்திய நிலமான அம்தோவிலிருந்து வந்தது. லாசாவின் கட்சி ஏடுகளில் மொழிபெயர்ப்பு மேசைக்கு இருந்த இடம் எழுத்தாளனுக்கு இருக்கவில்லை.

வாய்ப்பு விரைவில் மூடிக்கொண்டது. 1987 செப்டம்பர் 27இலும் அக்டோபர் 1இலும் பார்கோரில் சீன ஆட்சிக்கு எதிரான ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன. 1988 இறுதியில் வூ நீக்கப்பட்டு ஹு ஜின்டாவ் பொறுப்பேற்றார். 1989 ஜனவரி 28 அன்று பஞ்சன் லாமா காலமானார். மீண்டும் ஆர்ப்பாட்டங்கள் வெடித்ததால் மார்ச் 7 நள்ளிரவு முதல் லாசாவில் இராணுவச் சட்டம் அமலாகி ஓராண்டுக்கு மேல் நீடித்தது. பிறந்து நான்கு ஆண்டுகூட ஆகாத நகரப் பத்திரிகை, தன் நகரின் மிகப் பெரிய செய்தியைத் தன் கண்ணால் பார்த்து எழுத முடியாத நிலையில் நின்றது. அந்தச் செய்தி மக்களிடம் வாய்வழியாகவே பரவியது. 1991இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவும் 1996இல் ரேடியோ ஃப்ரீ ஆசியாவும் திபெத்திய ஒலிபரப்பைத் தொடங்கியபோது, லாசாவின் செய்தியை லாசாவாசிக்கே திபெத்தியத்தில் சொல்லும் வேலை வானொலியின் கைக்குப் போனது.

6. வாசகர் எங்கே போனார்?

திபெத்தியப் பதிப்பின் நிலையைக் கட்டுப்பாடு ஒன்றாலேயே விளக்கிவிட முடியாது. வாசகரை உருவாக்கும் இடம் பள்ளி. பத்திரிகை தொடங்கிய அதே 1985இல்தான் தொடக்கப்பள்ளி முடித்த திபெத்தியப் பிள்ளைகளைச் சீனத்தின் உள்நாட்டு நகரங்களுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் திட்டமும் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைகள் பல ஆண்டுகளைச் சீனவழிக் கல்வியில் கழித்துத் திரும்பினர். அன்று லாசாவிலும் நடுநிலைப்பள்ளி முதல் பயிற்றுமொழி பெரும்பாலும் சீனமாகவே இருந்தது. ஒரு கையால் திபெத்தியப் பத்திரிகையைத் தொடங்கிய அரசு, மறு கையால் அதன் வருங்கால வாசகர்களை வேறு மொழியில் வளர்த்தது. 2002 மே மாதம் மொழி விதிகள் திருத்தப்பட்டபோது திபெத்தியத்தின் முதன்மை நிலையும் போய், இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்றானது. பெயரளவில் சமத்துவம்; நடைமுறையில் வலுத்த மொழிக்கு வழி.

மக்கள்தொகையும் மாறியது. லாசா மாநகரப் பகுதியின் மக்கள்தொகை 2000இல் 4,74,499; 2020இல் 8,67,891. 2000இல் ஐவரில் நால்வர் திபெத்தியர். 2010க்குள் அவர்கள் பங்கு நான்கில் மூன்றை நெருங்கியது. பிழைப்புக்காகச் சில ஆண்டுகள் வந்துபோகும் சீனரைக் கணக்கெடுப்பு முழுமையாகக் காட்டுவதில்லை என்று ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். 2006 ஜூலை 1 அன்று, இங்கும் அதே நாள், லாசாவுக்கான ரயில் பாதை திறக்கப்பட்டது. விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர், வீடு வாடகைக்குத் தேடுபவர், வேலைக்கு ஆள் எடுப்பவர் எனச் சீனப் பதிப்புக்குச் சந்தை இருந்தது. திபெத்தியப் பதிப்புக்கு எஞ்சியது அலுவலகங்களும் கிராமக் குழுக்களும் பொதுப் பணத்தில் கட்டும் சந்தாவே. சந்தா இருக்கும் வரை ஏடு நிற்காது என்பது உண்மைதான். ஆனால் வாசகன் காசு கொடுக்காத பத்திரிகையிடம் வாசகன் எதையும் கேட்கவும் முடியாது.

இன்னொரு இடைவெளி இவ்வளவு கவனிக்கப்பட்டதில்லை. இளைய லாசாவாசிகள் பேசும்போது திபெத்திய வாக்கியத்துக்குள் சீனச் சொற்கள் சரளமாக வந்து விழும். வெள்ளாடும் இல்லாமல் செம்மறியும் இல்லாமல் நிற்கும் பேச்சு என்று திபெத்தியர் அதைக் கடிந்துகொள்வர். அந்தக் கடிதலில் இழப்பின் வலி இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆயினும் நகரத்தின் உண்மையான குரல் இன்று அதுதான். அந்தக் குரல் எந்தப் பதிப்பிலும் அச்சேறுவதில்லை. சீனப் பதிப்பு பொதுச் சீனத்திலும் திபெத்தியப் பதிப்பு செம்மையான ஏட்டு நடையிலும் வருகின்றன. பேச்சில் கலந்து கிடக்கும் இரு மொழிகளை இருமொழிப் பத்திரிகை கறாராகப் பிரித்துவைக்கிறது. தெருப்பாடல் ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை.

7. ஆவணமாகப் படிப்பது

இவ்வளவு சொன்னபின், இந்த ஏட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வரக் கூடாது. 1996 ஏப்ரலில் மடங்களிலும் கோயில்களிலும் தலாய் லாமாவின் படங்களை வைக்கக் கூடாது என்ற அறிவிப்பை வெளியுலகம் அறிந்தது திபெத் நாளிதழ் வழியாக. 2008 நவம்பரில், உளவுக் குற்றம் சாட்டி லாசாவில் திபெத்தியர் எழுவருக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை பற்றிய விவரம் லாசா மாலைச் செய்தியில் வந்ததால்தான் வெளியே தெரிந்தது. எச்சரிப்பதற்காக அச்சிட்டது சாட்சியாகவும் ஆயிற்று. நீதிமன்ற அறிவிப்பு, இடிக்கப்படும் வீடுகளின் அறிவிப்பு, கடை விளம்பரம், தொலைந்த அடையாள அட்டை ஆகிய துண்டுச் செய்திகளில் பழைய லாசா புதிய லாசாவாக மாறிய கதை நாள்வாரியாகப் பதிந்திருக்கும்.

மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்தவர்களுக்கும் இங்கே நியாயம் செய்ய வேண்டும். பேருரைகளை மொழிபெயர்த்தவர்கள்தான் மின்கட்டணம், காப்பீடு, தடுப்பூசி, தேர்தல் பற்றியும் திபெத்தியத்தில் எழுதும் வழியைக் கண்டார்கள். அவர்கள் பெயர் பெரும்பாலும் அச்சாகவில்லை. அந்த உரைநடை இல்லாமல் இன்றைய திபெத்திய எழுத்து நிர்வாகத்தையும் அறிவியலையும் தொட்டிருக்காது. முதல் வரியை எழுதும் உரிமை மறுக்கப்பட்டவர்கள், இரண்டாம் வரியிலேயே ஒரு மொழியைக் காப்பாற்றும் வேலையைச் செய்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த நம்பிக்கையையும் சோதிக்க வழி இருக்கிறது. 1987 இலையுதிர்காலம், 1989 மார்ச், லாசாவில் மீண்டும் கிளர்ச்சி வெடித்த 2008 மார்ச் ஆகிய மூன்று தருணங்களின் சீன, திபெத்தியப் பதிப்புகளை நாள்நாளாக அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். எது ஒரு பதிப்பில் மட்டும் வந்தது, எது சுருங்கியது, எந்தக் கடுஞ்சொல் திபெத்தியத்தில் தணிந்தது, எந்தச் செய்தியில் திபெத்திய நிருபரின் கை முதலில் பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைச் செய்பவருக்கு இரு மொழியும் தெரிந்திருக்க வேண்டும்; லாசாவின் பேச்சும் காதில் இருக்க வேண்டும். அத்தகைய ஒருவர் அந்த நகரிலேயே இருந்து, அச்சமின்றி அந்தப் பழைய தாள்களைப் புரட்ட முடிகிற நாளில்தான் இந்தப் பத்திரிகையின் வரலாறு முறையாக எழுதப்படும்.